சுந்தரம் மாமா கேட்ட கிரில்

சுந்தரம் மாமா இன்று காலை போய்விட்டார். தொண்ணூற்றொரு வயது. ஆஸ்பத்திரியில், நிமோனியா... மகனின் கையைப் பிடித்தபடியே.

"கல்யாணச் சாவு" என்று பில்டிங் குரூப்பில் எல்லோரும் போடுகிறார்கள். என்னால் போட முடியவில்லை.

மும்பை செம்பூரில் எங்கள் பழைய பில்டிங்கை இடித்து டவர் கட்டியபோது, எங்களுக்கும் மாமாவுக்கும் பதினோராவது மாடியில் எதிரெதிர் வீடு.

பழைய இடத்தில் வாசலில் நாற்காலி போட்டு, போகிறவர் வருகிறவரை வம்புக்கு இழுப்பார். "என்ன மேடம், இன்னிக்கும் லேட்டா? குர்லாவில உனக்காக டிரெயினை நிறுத்தி வெச்சிருக்காளா?"

மேலே வந்தபின் அவர் வாசலில் யார் நடக்கப் போகிறார்கள்...

திடீரென்று ஜன்னலுக்கு கிரில் வேண்டும் என்று ஒரே பிடிவாதம். வெளியழகு கெடும் என்று பில்டிங் சொசைட்டியில் மறுத்தார்கள். புறாத் தொல்லை என்று செக்ரட்டரியிடம் சண்டைக்கே போனார்.

"புறாவுக்கு வலை போதுமே மாமா" என்று நான் சிரித்தேன்.

ஒருநாள் லிஃப்ட்டில் நாங்கள் இருவர்தான். என் கையைப் பிடித்துக்கொண்டார். ஜில்லென்று இருந்தது.

"புறாவும் இல்லை, ஒண்ணும் இல்லை கொழந்தே. நேக்கு என்னைக் கண்டாத்தான் பயமா இருக்கு. ஜன்னல் பக்கம் போனா மனசு என்னென்னமோ சொல்றது. ஆத்துல சொன்னா ஒடஞ்சு போயிடுவா."

அன்றே அவர் மகனிடம் சொன்னேன்.

"இந்த வயசுல எல்லாருக்கும் இருக்கறதுதானே" என்றவர், பாதியிலேயே அழுதுவிட்டார். சொசைட்டியில் பேசி கிரில் போட்டார். மனநல டாக்டரிடமும் கூட்டிப்போனார். மாத்திரை, பேச்சு... மெல்ல மெல்லத் தேறினார் மாமா.

பிறகு ஒருநாள் அதே லிஃப்ட்டில், "என்ன மேடம், லேட்டா?" அப்பாடா என்றிருந்தது.

இதை எழுதலாமா என்று மாமாவின் மகனைக் கேட்டேன். "எழுதுங்கோ" என்றார்.

காலையில் என் அம்மாவிடம் செய்தியைச் சொன்னேன். அம்மாவுக்கு எண்பத்தாறு. மாமா லிஃப்ட்டில் சொன்னதெல்லாம் அவளுக்குத் தெரியாது. ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமாவாத்து கிரில்லை இனிமே கழட்டிடுவாளோ?"

"ஏம்மா?"

"இல்லை... நம்மாத்துக்குப் போட்டுக்கலாமேன்னு. இந்தப் புறாத் தொல்லை..."

எங்கள் ஜன்னலில் வலை இருக்கிறது. ஒரு புறாகூட வந்ததில்லை.

பயமாக இருக்கிறது. மாமாவைப் பார்த்த அதே டாக்டருக்கு போன் போட்டாயிற்று, சாயங்காலம் வரச் சொல்லியிருக்கிறார்.

போய்ட்டு வாங்கோ மாமா. நீங்க அன்னிக்கு வாய்விட்டுச் சொன்னேள்... அம்மா இன்னும் சொல்லலை. பக்கத்துலயே உக்காந்திருக்கேன்.