பெயர் மாற்றிப் பாடிய பாட்டு

எங்கள் ஆம்பூர்ப் பக்கத்தில் 'ரைட்டு' என்ற சொல் படாதபாடு படும். பஸ் கிளம்பவும் ரைட்டு, சண்டை முடியவும் ரைட்டு, வந்தவரை மனம் நோகாமல் அனுப்பிவைக்கவும் ரைட்டுதான். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். மிச்சப் படிப்பெல்லாம் ஜனங்களின் வாயிலிருந்து பொறுக்கியது. யார் எந்தச் சொல்லை எப்படிப் போடுகிறார்கள் என்று காது கொடுத்துக் கேட்பதுதான் என் சந்தோஷம். அப்படிப்பட்ட நான் ஒரு ரைட்டில் கோட்டைவிட்டேன்.

எழுபதுகளின் கடைசி. தோல் பதனிடுகிற டேனரி ஒன்றில் பேக்கிங் வேலை எனக்கு. கட்டுகளின் மேல் ஒட்டுகிற சீட்டுகளைப் படித்துப் படித்தே கொஞ்சம் இங்கிலீஷ் பழகியிருந்தேன். அதனால் வெளிநாட்டிலிருந்து தோல் வாங்க வருகிற துரையோடு சுற்றுவதும், அவர் சொல்வதைத் தமிழில் சொல்வதும் என் தலையில் விழுந்தது. நல்ல மனுஷர். தோளில் எப்போதும் ஒரு டேப் ரெக்கார்டர். தவளைச் சத்தம், கோயில் மணி, பள்ளிவாசல் பாங்கு, எதையும் விடமாட்டார்.

முற்றத்தில் பெண்கள் ஈரத்தோலைப் பலகையில் இழுத்து ஆணியடித்துக் காயவைப்பார்கள். அவர்களில் ஒருத்தியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். முந்தின வருஷம் அவளுடைய நாலு வயசுப் பையன் காய்ச்சலில் போய்விட்டான். அவனுக்காக அவளே ஓர் ஒப்பாரி கட்டியிருந்தாள். ஒவ்வொரு அடியின் கடைசியிலும் அவன் பெயர் வந்து நிற்கும். அவள் அதைப் பாட ஆரம்பித்தால் முற்றத்தில் ஒரு சுத்தியலும் விழாது.

துரை அதைப் பதிவு செய்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"தொரை இன்னாத்துக்கு அழுவறாரு? அவருக்கு இன்னா புரிஞ்சிச்சாம்?" என்றாள் பக்கத்தில் இருந்த ஒருத்தி.

துரை ஒரு தாளை நீட்டி என்னிடம் 'ரைட்ஸ்' என்று ஏதோ கேட்டார். எனக்குத் தெரிந்தது எங்கள் ரைட்டு மட்டும்தான்.

"அக்கா, பாட்டை அவரு ஊருக்கு எடுத்துக்கினு போறாராம். ரைட்டான்னு கேக்கறாரு."

"ரைட்டு, ரைட்டு. வேலை கெடக்குது, கெளம்பச் சொல்லு" என்றபடி, ஈரக்கையைப் புடவையில் துடைத்துவிட்டு அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டாள்.

"உம் புள்ள ஏரோப்ளேன் ஏறிட்டான்டி!" என்று பக்கத்திலிருந்தவள் கத்தினாள். அக்கா சிரித்தாள். பையன் போன பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

ஏழெட்டு வருஷம் கழித்து துரை ஒரு கேசட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். உறை பளபளவென்றிருந்தது. அக்காவின் பாட்டுக்கு நேராக 'தாயின் அழுகை, தென்னிந்தியா, பாடியவர் பெயர் தெரியவில்லை' என்று இங்கிலீஷில் போட்டிருந்தது. அடியில் பொடி எழுத்தில், எல்லா உரிமையும் கம்பெனிக்கே, நகல் எடுக்கக் கூடாது என்று இருந்தது. அதை அக்காவுக்குக் கொடுத்தேன். அவள் மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"போட்டோ ஒண்ணுகூட எடுக்கல தம்பி. இதுலதான் இருக்கான். நாட்றம்பள்ளில தங்கச்சி இருக்கறா, அவளுக்கு ஒண்ணு போட்டுக் குடுக்கலாமா?"

இரண்டு பேரும் வாணியம்பாடியில் கேசட் பதிந்துகொடுக்கிற கடைக்குப் போனோம். கடைக்கார பாய் உறையைத் திருப்பித் திருப்பிப் படித்தார்.

"இது நம்மளால ஆவாதும்மா. இப்ப சட்டம் டைட்டு பண்ணிட்டாங்க. போலீஸ் வந்து மிஷினையே தூக்கிக்கினு போறான். ஜாஸ்தி பேஜார்."

"அது என் கொரலு பாய்."

"கொரலு உன்துதான். பாட்டு அவங்களுது. ரைட்ஸு, அதான் உரிமை, பூரா கம்பெனிக்குன்னு போட்டிருக்குதே."

"எம்புள்ள பேரு? அதுவும் அவங்களுதா?"

பாய் கேசட்டை அவளிடமே நீட்டிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். அன்றைக்குத்தான் அக்காவிடம் சொன்னேன், துரை என்ன கேட்டார், நான் எதைப் புரிந்துகொண்டு எதைச் சொன்னேன் என்று. அவள் திட்டியிருந்தால் தேவலை. "உனக்கு இன்னா தெரியும், பாவம்" என்றாள்.

மறுநாள் மேனேஜரிடம் போனேன். துரைக்கு ஒரு கடிதம் எழுதுங்கள், பாட்டைத் திருப்பித் தரச் சொல்லுங்கள் என்றேன்.

"உனக்கு இன்னா பைத்தியமா? தோலு வாங்கறவன் கிட்ட பாட்டைத் திருப்பிக் கேப்பியா? நம்ம தோலுக்கு அங்க வரி கம்மியாவணும்னா, அவங்க பாட்டு, புக்கு, மருந்து எல்லாத்துக்கும் இங்க காவல் போடணும்னு பெரிய பெரிய எடத்துல பேசிக்கினு இருக்கறாங்க. ரெண்டும் ஒரே பேச்சுய்யா. நீ நடுவுல பூந்து என் ஆர்டரைக் கெடுக்காத."

தோலையும் பாட்டையும் ஒரே கட்டாகக் கட்டலாம் என்பது பேக்கிங் வேலை பார்த்த எனக்கே அதுவரை தோன்றியதில்லை.

வழி சொன்னவர் பாய்தான். அக்கா புதிதாகப் பாடட்டும், அவர் பதிந்து கேசட்டாகப் போடுவார். ஆனால் பையன் பெயரை மாற்றிவிட வேண்டும். பெயர் மாறினால் பாட்டு வேறு என்பது அவர் கணக்கு. அது சட்டமா என்று எனக்குத் தெரியாது. "இங்கிலீஷ் படிச்சவன், நீ சொல்லு தம்பி" என்று அக்கா கேட்டபோது, சரியாகத்தான் இருக்கும் என்று சொன்னேன்.

கடையின் பின்னறையில் ஒரு மதியம் பாடினாள். மாற்றுப் பெயர் சொல்லிக்கொடுத்திருந்தும் முதல் தடவை சொந்தப் பெயரே வாயில் வந்தது. பாய் நிறுத்தினார். இரண்டாம் தடவையும் அதே.

"அழிச்சிட்டேம்மா, மறுபடி பாடு."

"அழிச்சிட்டியா?" என்றாள் அக்கா. அந்தக் குரலுக்கு பாய் தலையைக் குனிந்துகொண்டார். மூன்றாம் தடவை யாருடைய பிள்ளைக்கோ அழுதுமுடித்தாள்.

அந்தக் கேசட் எங்கள் பக்கம் முழுக்கப் போயிற்று. சாவு விழுந்த வீட்டில் ஸ்பீக்கர் கட்டி அதைப் போட்டார்கள். சின்னப் பெண்களெல்லாம் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்தார்கள். சைக்கிளில் போகும்போது எந்தத் தெருவிலிருந்தாவது அது கேட்கும். இறங்கி நிற்பேன். இல்லாத ஒரு குழந்தையைத் தேடி அத்தனை வீடுகளும் அழுவதுபோல இருக்கும். நிஜமாக இருந்தவன் பெயர் எங்கேயும் கேட்காது.

பிறகு எங்கள் தெருவிலேயே ஒரு சாவு. பெண்கள் கூடி உட்கார்ந்திருந்தார்கள். துக்கத்துக்கு வந்திருந்த அக்கா நடுவில் இருந்தாள். ஸ்பீக்கர் இல்லை. அவளே எடுத்துப் பாடினாள், சொந்தப் பெயரோடு. நான் வாசலில் பந்தல் கழியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எத்தனையோ வருஷம் கழித்து அந்தப் பெயரைக் கேட்கிறேன். இரண்டு அடிதான் போயிருக்கும். பக்கத்தில் இருந்த ஒரு சின்னப் பெண் அவள் தோளைத் தொட்டாள்.

"அக்கா, பேரைத் தப்பா பாடறியே. கேசட்ல அப்படி இல்ல."

ஒருத்தியும் அந்தப் பெண்ணை அதட்டவில்லை. இரண்டு பேர் ஆமாம் என்று தலையாட்டினார்கள். அக்கா நிமிர்ந்து, வாசலில் நின்ற என்னைப் பார்த்தாள். அது இல்லை, அவள் பாடுவதுதான் சரி என்று சொல்ல, டேனரி முற்றத்தில் அந்தப் பாட்டைக் கேட்டவன் நான் ஒருத்தன்தான் அங்கே இருந்தேன். நான் தெருப்பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"ஆமாங்கண்ணு, மறந்துட்டேன்" என்றாள் அவள். முதலடியிலிருந்து திரும்பவும் ஆரம்பித்தாள், அவர்களுக்குத் தெரிந்த பெயரோடு.