முனியாண்டி எடுத்துப்போன நிழல்

எங்கள் எஸ்டேட்டில் பகல் பன்னிரண்டு மணி ஆகிவிட்டால் பிள்ளைகள் யாரும் வெளியே தலைகாட்டக் கூடாது. அது உச்சி நேரம். சூரியன் நடுத்தலைக்கு வரும்போது காவல் தெய்வமான முனியாண்டி எல்லையைச் சுற்றி வருவார், குறுக்கே போகிறவர்களைச் சும்மா விடமாட்டார் என்பது லயத்து வீடுகளுக்கெல்லாம் பொதுவான சட்டம். அதை நிறைவேற்றுவதில் அம்மா போலீஸையே மிஞ்சியவர். விடுமுறை நாட்களில் பன்னிரண்டுக்குக் கதவைத் தாழிட்டால், சுவர்க் கடிகாரம் ஒன்று அடித்த பிறகுதான் என்னையும் தம்பியையும் திறந்துவிடுவார்.

மார்ச் மாதக் கடைசியில் ஒரு சனிக்கிழமை. எனக்கு ஏழு வயது இருக்கும். திறந்துவிட்டதும் லோரி திரும்பும் செம்மண் திடலுக்கு ஓடினோம். ஒருவர் நிழலை மற்றவர் மிதிப்பதுதான் விளையாட்டு. துரத்திக்கொண்டு வந்த தம்பி திடீரென்று நின்றுவிட்டான்.

“அக்கா, ஒன் நெழல காணோம்!”

குனிந்து பார்த்தேன். உண்மைதான். அவனுக்கும் இல்லை, அதை நான் சொல்லவில்லை. அவன் அழ ஆரம்பித்தால் லேசில் நிறுத்தமாட்டான்.

பேய்க்கு நிழல் கிடையாது என்று மாமா போன வாரம்தான் சொல்லியிருந்தார். அப்படியென்றால் நான் பேயா? பயத்தைவிடப் பெரிய கவலை, பேயை வீட்டில் வைத்துச் சோறு போடுவார்களா என்பதுதான். அன்றைக்குக் கோழிக் கறி வேறு.

அலறிக்கொண்டு வீட்டுக்கு ஓடினோம். சுங்கை காடுட் தொழிற்சாலையில் அரைநாள் வேலை முடித்து வந்த மாமா அப்போதுதான் மோட்டார் சைக்கிளை நிறுத்தினார். அம்மாவின் தம்பி, முனியாண்டியைக் கிண்டல் செய்ய எஸ்டேட்டில் துணிந்த ஒரே ஆள்.

“நெழலு எங்கயாச்சும் ஓடிப் போவுமா லா? வா, காட்டுறேன்,” என்று என்னை வெயிலுக்கு இழுத்துப்போனார். என் காலடியைப் பார்த்தார். தன் காலடியைப் பார்த்தார். முதுகுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறதா என்று ஒரு சுற்றுச் சுற்றினார். பிறகு அவர் போட்ட கூச்சலில் அம்மா கரண்டியோடு ஓடிவந்தார். அம்மாவுக்கும் நிழல் இல்லை.

அம்மா மாமாவின் கையைப் பிடித்துத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்தார். “ஒன்னே கால் ஆவுது. உச்சிதான் தாண்டிருச்சே!” அடுத்த கணமே கோபம் உச்சிக்கு ஏறிவிட்டது. “எல்லாம் நீ அவர கிண்டல் பண்ணதுனாலதான்டா!”

அடுப்பை அணைத்துவிட்டு, தேங்காயும் கையுமாக எஸ்டேட்டின் மறுகோடியில் இருந்த முனியாண்டி கோயிலுக்குப் புறப்பட்டோம். வழியில் கடையில் மாமா நல்ல சுருட்டாகப் பார்த்து வாங்கிவந்து சாமி முன்னால் வைத்து, கன்னத்தில் பலமாகப் போட்டுக்கொண்டார்.

கும்பிட்டு முடித்து மரத்தடியிலிருந்து வெயிலுக்கு வந்ததும் தம்பி கத்தினான். எங்கள் காலடியில் குட்டையாக, கொழுகொழுவென்று நான்கு நிழல்கள்! மாமா தன் நிழலுக்கு சலாம் வைத்தார். அம்மா சிரித்துக்கொண்டே என்னை இழுத்து உச்சி முகர்ந்தார். வீடு வரைக்கும் ஒருவர் நிழலை ஒருவர் மிதித்துக்கொண்டே போனோம். அம்மாவும் மிதித்தார். மகிழ்ச்சியின் உச்சம் என்று எங்கே படித்தாலும் எனக்கு அந்தச் செம்மண் பாதைதான் நினைவுக்கு வருகிறது.

அவரவர் தலைக்கு நேர் மேலே இருக்கும் வானத்துப் புள்ளிதான் உச்சி என்பதும், எங்கள் ஊரில் சூரியன் வருடத்துக்கு இரண்டு தடவைதான் மிகச் சரியாக அங்கே வருகிறது, அப்போது நிழல் காலடிக்குள்ளேயே ஒடுங்கிவிடும் என்பதும் பிற்பாடு தெரிந்துகொண்டவை. இன்னொன்றும் தெரிந்தது. எங்கள் நாட்டுக் கடிகாரம் சூரியனைவிட ஒரு மணி நேரத்துக்கு மேல் முந்தி ஓடுகிறது. பன்னிரண்டு மணிக்கு உச்சி நேரம் வருவதே இல்லை; ஒன்று அடித்த பிறகுதான் வருகிறது.

ஆக, அம்மா எங்களைப் பூட்டிவைத்ததெல்லாம் முனியாண்டி இன்னும் கிளம்பாத நேரத்தில். அவர் வரும் நேரம் பார்த்துத்தான் கதவைத் திறந்துவிட்டிருக்கிறார். பிள்ளைகள் விளையாடட்டும் என்று, அத்தனை விடுமுறையிலும் முனியாண்டிதான் ஒதுங்கிப் போயிருக்க வேண்டும்.