தவக்காலத்தில் நான் மறுத்த முட்டை

எழுபதுகளில் தாம்பரத்தில் பள்ளி ஆசிரியராக இருந்தேன். வயிற்றுப் புண்ணுக்காக என் மனைவி ரோசலினின் இரைப்பையில் பாதியை அறுத்து எடுத்திருந்தார்கள். "இனிமே கொஞ்சந்தான் சாப்பிட முடியும். அதனால தினமும் முட்டை, மீன், பருப்பு கட்டாயம்" என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பினார்.

அடுத்த மாதம் ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் தொடங்கியது. எங்கள் வீட்டில் அந்த நாற்பது நாளும் கறி, மீன், முட்டை கிடையாது.

"ஏங்க, எனக்கு மட்டும் முட்டை வாங்குங்களேன்" என்றாள்.

"உடம்புதான் பெரிசா? சாமி பெரிசில்லையா?" என்று அதட்டினேன். கஞ்சியிலேயே வயிறு நிறைந்து, பருப்பையும் ஒதுக்கினாள்.

ஐந்தாம் வாரம் அவள் கால் வீங்கியது. விரலால் அழுத்தினேன், பள்ளம் விழுந்து அப்படியே நின்றது. உடனே அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு ஓடினேன்.

"வாத்தியார்தானே சார் நீங்க? புரதமே குடுக்காம பட்டினி போட்டிருக்கீங்க! இன்னும் பத்து நாள் போயிருந்தா என்கிட்ட வரவே வேண்டியிருந்திருக்காது" என்றார் டாக்டரம்மா.

அவள் தேறி எழ நான்கு மாதமாயிற்று. பங்குச் சாமியார், "நோயாளிக்குத் தவக்கால விரதம் இல்லன்னு உமக்குத் தெரியாதா?" என்று கேட்டார். தெரியும். கோயிலில் நம் பெயர் கெட்டுவிடுமே என்றுதான் மறந்தவன்போல இருந்தேன்.

இப்போது தவக்காலத்தில் நானே முட்டை அவித்து, உரித்துக் கொடுத்து, அவள் சாப்பிட்ட பிறகே கோயிலுக்குப் போகிறேன்.