“மூடி ஏத்துனியா?” என்று கேட்ட தனபால்

தனபாலின் மனைவி வசந்தா போன் செய்தபோது நான் கீழ்பென்னாத்தூரில் ஒரு மொட்டை மாடியில், சோலார் பேனல்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தேன். கையில் பாதி தோல் உரித்த வயர். “நெஞ்சு வலிக்குதுன்னாருண்ணா. ஆட்டோவுல ஏத்துறதுக்குள்ள போயிட்டாரு” என்றார். எனக்கு அழுகை வரவில்லை. கால் மரத்துப் போயிருந்தது, எழுந்திருக்கவே அலுப்பாக இருந்தது. வீட்டுக்காரரிடம் மீதியை அப்புறம் வந்து முடிப்பதாகச் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன்.

திருவண்ணாமலையில் நாங்கள் இருவரும் ஒரே கடையின் கூட்டாளிகள். பாதி நாள் சண்டை, மீதி நாள் பேச்சில்லாத வேலை. சண்டை பெரும்பாலும் கனெக்டரைப் பற்றித்தான். பேனல் வயரையும் கீழே இறங்கும் வயரையும் இணைக்கிற, விரல் நீளக் கறுப்பு பிளாஸ்டிக் அது. அவரை அறிந்த உங்களில் பலர் அதை அவருடைய சட்டைப் பையில் பார்த்திருப்பீர்கள்.

ஒரு பௌர்ணமியன்று அடி அண்ணாமலையில் ஓர் அம்மாவின் வீட்டில் வேலை. இணைப்பு வரும் இடத்துக்குக் கீழே கீற்றுக் கொட்டகை, அதில் மாடுகள். பேனலில் இருந்தது ஒரு கம்பெனி கனெக்டர், எங்கள் பையில் இருந்தது வேறு கம்பெனி. வைத்து அழுத்தியதும் ‘டிக்’கென்று மாட்டிக்கொண்டது.

“அதான் மாட்டிக்கிச்சே தம்பி, விடுங்க” என்றார் அந்த அம்மா. வெயிலில் வெந்துபோயிருந்த நானும் விடச் சொன்னேன்.

தனபால் அதைக் கழற்றினார். “மாட்டிக்கும்மா. ஆனா உள்ள சரியா ஒட்டாது. சூடு ஜாஸ்தியாயி உருகும். கீழ மாடு நிக்குது பாருங்க.”

கிரிவலப் பாதையில் அன்று வண்டி விடவில்லை. அந்தக் கூட்டத்துக்கு எதிரே யாரால் நடக்க முடியும்? கூட்டத்தோடு நடந்து டவுனில் எங்கள் கடைக்குப் போனார். சரியான கனெக்டரை எடுத்துக்கொண்டு மறுபடி கூட்டத்தோடு நடந்து வந்தார். மதியம் போனவர் விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்து சேர்ந்தார். கோயில் பக்கமே போகாத மனிதர், மலையை முழுசாக ஒரு சுற்றுச் சுற்றியிருந்தார்.

அந்த அம்மா விபூதித் தட்டோடு வந்து, “புண்ணியம் சேர்ந்துச்சு தம்பி” என்றார்.

“புண்ணியம் இருக்கட்டும்மா, காலு போச்சு. ஒரு டீ குடுங்க.”

கடைசி வருஷங்களில் அவர் மிகவும் களைத்துத்தான் இருந்தார். படியேறும்போது பாதியில் நின்று மூச்சு வாங்குவார். கொஞ்ச நாள் வீட்டில் இருக்கச் சொன்னால், “எனக்கு முடியலன்னா அதுக்கு வயர் என்னப்பா பண்ணும்?” என்பார்.

ஆனால் என்னை அதிகம் எரிச்சல்படுத்தியது வேறொன்று. கனெக்டரின் பின்பக்கத் திருகு மூடியை முதலிலேயே வயரில் கோத்துவிட வேண்டும். வயர் முனையில் ஊசி என்கிற உலோக முள்ளை வைத்து நசுக்கி, கனெக்டரின் கூட்டுக்குள் தள்ளிவிட்டால் பிறகு மூடி ஏறாது. வெட்டி எறிந்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். அதனால் நான் ஊசியைக் கையில் எடுக்கும் ஒவ்வொரு முறையும், எந்த மூலையில் இருந்தாலும் தனபால் கேட்பார்: “மூடி ஏத்துனியா?” எத்தனை வருஷமாக இதே வேலை! “நான் என்ன பாப்பாவா?” என்று கத்துவேன். அடுத்த வயருக்கும் கேட்பார்.

காரியம் முடிந்தபின் அதே கீழ்பென்னாத்தூர் மாடிக்குப் போனேன். விட்ட இடத்தில் தொடங்கினேன். ஊசியை வைத்து நசுக்கி, இழுத்துப் பார்த்தேன், நன்றாகப் பிடித்திருந்தது. கூட்டுக்குள் தள்ளிவிட்டு மூடிக்குக் கை நீட்டினால், அது என் தொடையருகே தரையில் கிடந்தது.

யாரும் கேட்கவில்லை. அதனால் ஏற்றவில்லை.

அங்கே, அந்த வெயிலில்தான் எனக்கு அழுகை வந்தது. வீட்டுக்காரர் பதறிப்போய், “என்னாச்சுங்க?” என்றார்.

“ஒண்ணுமில்லீங்க. மூடி போட மறந்துட்டேன்.”

இதற்கா ஒரு மனுஷன் அழுவான் என்று அவர் நினைத்திருப்பார். வயரை வெட்டினேன். வேறு ஊசியை எடுத்தேன். தனபாலிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த ஒரு கேள்விதான். அதை நானே வாய்விட்டுக் கேட்டேன். “ஏத்திட்டேன் தனபாலு” என்று பதிலும் சொல்லிவிட்டுத்தான் நசுக்கினேன்.