லேப்டாப்புக்கு வைத்த பொட்டு

1. மெயில்

கம்பெனியின் மெயில் வந்தபோது நான் பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டிருந்தேன். ‘தண்ணீர் பட்ட சேதம். வாரண்டி செல்லாது.’ படித்து முடிப்பதற்குள் பிஸ்கட் உடைந்து டீக்குள் விழுந்தது.

செஞ்சி பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் இருபத்திரண்டு வருடமாக கவுண்டரில் நிற்கிறேன். விற்பதும் நான்தான், பழுதானால் சர்வீஸுக்கு அனுப்புவதும் நான்தான், திட்டு வாங்குவதும் நான்தான். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

லேப்டாப் சிங்கவரம் கலைவாணியுடையது. வீட்டிலிருந்தே செய்கிற வேலை ஒன்று அவளுக்குக் கிடைத்திருந்தது. சொந்த லேப்டாப் இருந்தால்தான் சேர முடியும். அப்பா ஏழுமலையோடு வந்து வாங்கிப் போனாள். மறுநாளே ஸ்கிரீன் விட்டு விட்டு அணைந்தது. வாங்கிய ஒரு வாரத்துக்குள் பழுது வந்தால் வேறு புதிது தருவது அந்தக் கம்பெனியின் விதி. அதனால் விழுப்புரம் சர்வீஸ் சென்டருக்கு அனுப்பிவிட்டு, “கண்டிப்பா மாத்திக் குடுப்பாங்க” என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லியிருந்தேன். அதற்குத்தான் இந்த மெயில். அன்று வியாழன். அவள் வேலையில் சேர வேண்டியது திங்கள்.

லேப்டாப்புக்குள் ஒரு சின்ன வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். ஈரம் பட்டால் அது சிவந்துவிடும். மெயிலோடு வந்த போட்டோவில் அது பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் நிற்கிற பெண் மாதிரி சிவந்திருந்தது.

2. ஏழுமலை வீட்டுச் சண்டை

போன் செய்தேன். அரை மணி நேரத்தில் அப்பாவும் மகளும் கடையில் நின்றார்கள்.

“எங்க வூட்டம்மா வேலதான் பழனி. காபி டம்ளரும் கையுமாவே சுத்துவா. நீ போன் பண்ணதும் நல்லா டோஸ் வுட்டேன். இப்ப பேசமாட்டேன்றா, சோறும் போடமாட்டேன்றா” என்றார் ஏழுமலை.

“நைனா, அம்மா அது கிட்டவே வரல. ஷாக் அடிக்கும்னு தூரமா நின்னுதான் பாத்துச்சி” என்றாள் கலைவாணி. பிறகு என்னைப் பார்த்து, “திங்கக்கெழம லாகின் பண்ணலன்னா வேற ஆளப் போட்டுடுவாங்கண்ணா” என்றாள்.

எனக்கும் அந்த அம்மாள் மேல்தான் சந்தேகம். கவுண்டரில் நிற்கிறவனுக்கு உலகத்தில் எல்லோரும் காபி கொட்டியவர்கள்தான். ஆனாலும் மனசு கேட்கவில்லை. மறுநாள் காலை விழுப்புரம் பஸ் ஏறினேன்.

3. என் கைவரிசை

“ஸ்டிக்கர் செவந்துட்டா சிஸ்டமே ரிஜெக்ட் பண்ணிடும் சார். நான் இன்னா பண்றது?” என்றார் சர்வீஸ் என்ஜினியர். மேஜையில் லேப்டாப்பைக் கொண்டுவந்து வைத்தார்.

ஆயுத பூஜை முடிந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. அவருடைய மல்டிமீட்டர், ஸ்குரூடிரைவர் பெட்டி எல்லாவற்றிலும் சந்தனம், குங்குமம். குங்குமம் உதிர்ந்து மேஜையெல்லாம் சிவப்பு. அதைப் பார்த்ததும் எனக்கு எங்கள் கடைப் பொட்டு ஞாபகம் வந்தது.

எங்கள் முதலாளிக்கு ஒரு பழக்கம். எந்தப் புது லேப்டாப்பும் பொட்டு வைக்காமல் கடையைவிட்டுப் போகக்கூடாது. மேலே வைத்தால் அழகு கெடும் என்று நான் அடிப்பக்கத்தில் வைப்பேன். காற்றுத் துளைகள் இருப்பதும் அடிப்பக்கத்தில்தான். நல்ல பெண்ணாயிற்றே என்று கலைவாணிக்குக் கொஞ்சம் தாராளமாகவே வைத்திருந்தேன். புரட்டிப் பார்த்தேன். பொட்டில் பாதியைக் காணோம்.

வெளியே வந்து முதலாளிக்குப் போன் போட்டேன்.

“யோவ், வாய மூடிக்கினு வா. அவுங்க வூட்ல வெச்சதா இருக்கட்டும். கட பேரு கெட்டுப்பூடும்” என்றார்.

உண்மையைச் சொல்கிறேன், இரண்டு நிமிடம் அது நல்ல யோசனையாகத்தான் தெரிந்தது. பிறகு காபி கொட்டாமலே திட்டு வாங்கிய அந்த அம்மாள் ஞாபகத்துக்கு வந்தார். எனக்கே என் மேல் எரிச்சலாக இருந்தது.

உள்ளே போய், “பொட்டு வெச்சது நான்தான் சார். மூடியக் கொஞ்சம் கழட்டுங்க” என்றேன். கழற்றினார். ஸ்டிக்கரில் விரலை அழுத்தித் துடைத்து, அதை அப்படியே என் நெற்றியில் இட்டுக்கொண்டேன். நெற்றி சிவந்தது. ஸ்டிக்கர் வெள்ளையாகிவிட்டது.

“இது தண்ணியா சார்?”

அவர் என் நெற்றியைப் பார்த்தார். தன் மல்டிமீட்டரைப் பார்த்தார். உள்ளே இருந்த மூன்று பேரையும் கூப்பிட்டுக் காட்டினார். அதன்பின் ஒழுங்காகச் சோதித்ததில், டிஸ்பிளே கேபிள் கம்பெனியில் பொருத்தும்போதே நசுங்கியிருந்தது தெரிந்தது. புது ரிப்போர்ட் எழுத உட்கார்ந்தவர், “குங்குமம்னு ஆப்ஷனே இல்லியே சார்” என்று விழித்தார். கடைசியில் ‘தூசி’ என்று போட்டார். சாமி மன்னிக்கட்டும்.

4. சிங்கவரத்தில்

புது லேப்டாப் ஞாயிற்றுக்கிழமை வந்தது. நானே எடுத்துக்கொண்டு போய் நடந்ததைச் சொன்னேன்.

“அடப்பாவி! அப்ப நான் சும்மாவா திட்டினேன்?” என்று ஏழுமலை தலையில் கை வைத்தார். அவர் மனைவி லேப்டாப்பிலிருந்து பத்தடி தள்ளியே நின்றிருந்தார்.

“தப்பு என்னுதும்மா” என்றேன்.

“பரவால்ல, நீயாவது ஒத்துக்கின. குந்து, சாப்ட்டுட்டுப் போ” என்றார். எனக்கும் கலைவாணிக்கும் தட்டு வந்தது. ஏழுமலைக்கு வரவில்லை.

இப்போது எங்கள் கடையில் பொட்டு அட்டைப்பெட்டிக்கு மட்டும்தான். முதலாளிக்கு இன்னும் வருத்தம். நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான்: வந்தவரிடம் ‘எதைக் கொட்டினீங்க?’ என்று கேட்பதற்கு முன்னால் நம் கையை ஒரு தடவை பார்த்துக்கொள்ள வேண்டும்.

கலைவாணி திங்கட்கிழமை சரியாக ஒன்பது மணிக்கு லாகின் செய்துவிட்டாள். ஏழுமலைக்குச் சோறு கிடைத்தது செவ்வாய்க்கிழமை என்று கேள்வி.