ஒத்திகை நோயாளி

புதிதாக ஒரு கொள்ளைநோய் வந்தால் அதைச் சமாளிக்க நாடு எவ்வளவு தூரம் தயாராக இருக்கிறது என்று அளந்து பார்க்கிறார்களாம். அதற்காக எங்கள் ஆஸ்பத்திரியிலும் ஓர் ஒத்திகை வைத்தார்கள். தில்லை நகரில் இருக்கும் அந்த ஆஸ்பத்திரியில் நான் பில் கவுண்டரில் வேலை பார்க்கிறேன். விமானத்தில் வந்து இறங்கிய, என்ன காய்ச்சலென்றே தெரியாத பயணியாக நடிக்க ஓர் ஆள் வேண்டும் என்றார்கள். நான்தான் கையைத் தூக்கினேன்.

ஏர்போர்ட்டிலிருந்து என்னை ஏற்றிக்கொண்டு ஆம்புலன்ஸ் சைரன் அலற ஆஸ்பத்திரிக்கு வந்தது. முகமே தெரியாதபடி உடை போட்ட நான்கு பேர் என்னை ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். மதிப்பெண் போட வந்த அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தபடியே கூட வந்தார். தனி அறையில் படுக்க வைத்து, என் செல்போனை வாங்கி ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டார்கள்.

"சும்மா படுத்திருங்கக்கா, இப்ப வந்துடறோம்" என்றாள் நர்ஸ். கதவு சாத்திக்கொண்டது.

முதலில் சிரிப்பாகத்தான் இருந்தது. காற்றை வெளியே இழுக்கும் மெஷின் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. தண்ணீர் கேட்கலாமென்று தலைமாட்டில் இருந்த பெல்லை அழுத்தினேன். யாரும் வரவில்லை. மறுபடி அழுத்தினேன். எழுந்து போய்க் கதவை இழுத்தேன்; உள்ளிருந்து திறக்க முடியவில்லை. கண்ணாடி வழியே தெரிந்த வராந்தா காலியாகக் கிடந்தது. ஒத்திகைதான், ஒத்திகைதான் என்று வாய்விட்டுச் சொன்னேன். இரண்டாம் அலையில் என் கணவரும் இப்படி ஓர் அறையில்தான் கிடந்தார் என்பது அப்போது நினைவுக்கு வந்தது. அவ்வளவுதான், இரண்டு கையாலும் கதவைக் குத்த ஆரம்பித்தேன்.

தரை துடைக்க வந்த அம்மாள் சத்தம் கேட்டுத் திறந்துவிட்டார். மேலே ஏறிப் போனேன். எல்லோரும் மாடி ஹாலில் அதிகாரியின் கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வண்டி வந்த வேகத்துக்கும், உடை போட்ட முறைக்கும் நல்ல மதிப்பெண்.

"சார், பெல் அடிச்சேன், யாரும் வரலைங்க" என்றேன்.

அதிகாரி கையிலிருந்த தாள்களைப் புரட்டினார். நோயாளி கூப்பிட்டால் யார் வருவார்கள் என்று ஒரு கேள்வியும் அதில் இல்லை போலும். தாளின் பின்பக்கத்தில் ஏதோ எழுதிக்கொண்டு, "நல்லவேளை சொன்னீங்க" என்றார்.

பஸ் பிடித்து ஸ்ரீரங்கம் வந்து சேர்ந்தபோது கணவர் கூடத்தில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். இத்தனை வருஷம் கேட்கத் துணியாததை நின்றபடியே கேட்டேன்.

"அந்த ரூம்ல நீங்க பெல் அடிச்சா வந்தாங்களா?"

"மொதல்ல வந்தாங்க. அப்புறம் அவங்களாலயே முடியல, பாவம். பக்கத்து ரூம்காரர் சுவத்தைத் தட்டுவார். நானும் திருப்பித் தட்டுவேன். இருக்கோம்னு சொல்லிக்கத்தான்."

"அப்புறம்?"

"ஒருநாள் காலைல நான் மட்டுந்தான் தட்டினேன்."

பீன்ஸ் தட்டை எடுத்துக்கொண்டு அவர் சமையலறைக்குப் போனார். கூடத்தில் தனியாக நிற்கப் பயமாக இருந்தது. நானும் அவர் பின்னாலேயே போனேன்.