விலை ஏறிய விசுவாசம்

தேயிலைக்கு விலை விழுந்த வருஷங்களில் எங்கள் ஊரில் யார் வாயைத் திறந்தாலும் விலை என்ற சொல்தான் முதலில் வந்து விழும். அருவங்காட்டுக்கு மேலே மலைச்சரிவில் ஒட்டிக்கொண்டிருந்த சிறு தோட்டங்களில் ஒன்று எங்களுடையது. பறித்த இலையை ஃபேக்டரிக்காரர்கள் வேண்டாமென்று திருப்பி அனுப்பினால், அப்பா அதை ரோட்டோரம் கொட்டிவிட்டு முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வருவார். எனக்கு எட்டு வயது. விலை ஏறினால் புது ஸ்வெட்டர் என்று அம்மா சொல்லியிருந்ததால், நானும் பெரியவர்களுக்குச் சமமாக அந்தக் கவலையைப் பட்டுக்கொண்டிருந்தேன்.

அம்மா ஞாயிறுதோறும் என்னை இழுத்துக்கொண்டு ஜெபவீட்டுக்குப் போவார். கல்யாணமாகி மலைக்கு வந்தபின், நான் பிறந்த வருஷம், தானாகவே முடிவெடுத்து ஞானஸ்நானம் பெற்றவர். அப்பா அதற்குக் குறுக்கே நிற்கவில்லை, கூடவும் வரவில்லை. அம்மாவின் பிறந்த வீட்டார்தான் பேச்சையே நிறுத்திவிட்டார்கள். மேட்டுப்பாளையத்தில் காய்கறி மண்டி வைத்திருந்த மாமா மட்டும் தங்கை மேலிருந்த பாசத்தில் வந்துபோவார். ஆனால் ஜெபம், சபை என்ற பேச்சு வந்தால் காது கேளாதவர்போல வெளியே பார்ப்பார்.

ஒரு ஞாயிறு போதகர், நம்முடைய விசுவாசம் பொன்னைவிட விலையேறப்பெற்றது என்று சத்தமாகச் சொன்னார். மிகவும் அருமையானது என்று அதற்கு அர்த்தம். விலை ஏறிவிட்டது என்றுதான் என் காதில் விழுந்தது. ஆராதனை முடிந்ததும் முடியாததுமாக வீட்டுக்கு ஓடி, விலை ஏறிவிட்டதாம், போதகரே சொல்லிவிட்டார் என்று அப்பாவிடம் மூச்சு வாங்கச் சொன்னேன். அப்பா டீ டம்ளரை வைத்துவிட்டு எழுந்தே விட்டார். எதற்கு ஏறியது என்று கேட்டார். விசுவாசத்துக்கு என்றேன். அவர் இருமல் வரும்வரை சிரித்தார். பல நாள் கழித்து அவர் சிரித்த சந்தோஷத்தில் நான் அதை உறுதியான செய்தியாகவே எடுத்துக்கொண்டேன். அவரும் திருத்தவில்லை.

அந்த வாரமே மாமா வந்தார். எங்கள் நிலைமை அவர் காதுக்கு எட்டியிருந்தது. மண்டிக்குப் பின்னால் ஒரு வீடு காலியாக இருக்கிறது, அப்பாவுக்கு மண்டியிலேயே வேலை, என்னை அங்கே நல்ல பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிடலாம் என்றார். அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. கிணறு பக்கத்தில் இருக்கிறதா, அண்ணி என்ன சொன்னார்கள் என்றெல்லாம் கேட்க ஆரம்பித்தார். மாமா தரையைப் பார்த்துக்கொண்டு கடைசியில்தான் விஷயத்துக்கு வந்தார். அங்கே வந்தபின் பைபிளும் சபையும் கூடாது.

"மனசுக்குள்ள வெச்சுக்க அம்முணி, ஆரு வேண்டாங்கறாங்க? வெளிய தெரியாம இருந்தாப் போதும்."

அம்மா முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார். "மனசுக்குள்ள இருக்கறதுனாலதானுங்கண்ணா, அதை இங்க வெச்சுட்டு வர முடியல."

மாமா அப்பாவைப் பார்த்தார். அவள் இஷ்டம் என்று அப்பா ஒதுங்கிக்கொண்டார். எனக்கோ விவகாரம் பட்டப்பகல்போலத் தெரிந்தது. மாமா அடிமாட்டு விலைக்குக் கேட்கிறார், அம்மா அசைய மறுக்கிறார். பேரத்தில் அம்மாவுக்குக் கைகொடுக்க வேண்டியது என் கடமை.

"மாமா, இப்ப அதுக்கு வெல ஏறிப்போச்சுங்க. ஊடு மட்டும் குடுத்தா அம்மா தர மாட்டாங்க."

அப்பா சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாமா என்னை வெறித்துப் பார்த்தார். திட்டுவதா சிரிப்பதா என்று முடிவு செய்ய முடியாமல், என் சடையைப் பிடித்து மெல்ல ஓர் இழுப்பு இழுத்துவிட்டு, டீயைக்கூடக் குடித்து முடிக்காமல் பஸ் பிடிக்கப் போய்விட்டார்.

அடுப்படியில் அம்மா அழுதுகொண்டிருந்தார். அடுத்த தடவை மாமா இன்னும் அதிக விலை தருவார், கவலைப்பட வேண்டாம் என்று தேற்றினேன். அவர் ஈர மூக்கோடு என்னைக் கட்டிக்கொண்டு சிரித்தார்.

அதற்குப்பின் வந்த வாரங்கள் நல்லவையாக இல்லை. அநேகமாக மூன்று வேளையும் கஞ்சிதான். அம்மா மேல் எனக்குக் கோபமும் வந்தது. நல்ல விலை வந்தபோதே கொடுத்திருக்கலாம் அல்லவா? அம்மா மட்டும் எப்போதும்போல ஞாயிற்றுக்கிழமைப் புடவையைத் துவைத்து, மடித்து வைத்துக்கொண்டிருந்தார்.

அப்படி ஒரு ஞாயிறு நாங்கள் ஜெபவீட்டிலிருந்து திரும்பியபோது, மாமா எங்கள் வீட்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். காலடியில் வாய் பிரித்த ஓர் அரிசி மூட்டை, மடியில் கேரட் விதை, பீன்ஸ் விதை. கீழ்ச்சரிவில் டீச்செடியைப் பிடுங்கிவிட்டு இதைப் போடுங்கள், விளைவதை மண்டியில் நான் எடுத்துக்கொள்கிறேன் என்று அப்பாவிடம் ஏற்கெனவே பேசி முடித்திருந்தார். நிபந்தனை எதுவும் இல்லை. எங்களைக் கண்டதும் எழுந்து நின்றார்.

"ஜெபம் முடிஞ்சுதா அம்முணி? வா, சோறு ஆறுது."

மாமா கடைசியில் எங்கள் விலைக்கு இறங்கி வந்துவிட்டார் என்ற வெற்றியில் நான் சாப்பாட்டுக்கு இலை போட உள்ளே ஓடினேன். அம்மா வரவில்லை. பைபிளை மார்போடு அணைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார். நல்ல பசி எனக்கு; கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தேன். அண்ணன் வாயிலிருந்து ஜெபம் என்ற அந்த ஒரு சொல் வருவதற்கு அவர் எட்டு வருஷம் காத்திருந்தார் என்பது எனக்கு அப்போது எப்படித் தெரியும்?